ஒதுக்கிவைத்தலுக்கு மூன்று சொற்கள்



ஆங்கிலப் பத்திரிகையொன்றின் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தைப் புரட்டுகின்றீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாட்டின் பொருள்களை வாங்குவதில்லை என்று இன்னொரு நாட்டு மக்கள் முடிவு செய்கிறார்கள். அதற்குப் 'பொய்கொட்' என்று பெயர். ஒரு கட்சி தன் மூத்த உறுப்பினர் ஒருவரை ஓரங்கட்டிவிடுகிறது. அது 'ஒஸ்ட்ரசைஸ்'. உலக நாடுகள் பலவும் உறவை முறித்துக்கொண்ட ஓர் அரசு 'பரையா ஸ்டேட்' ஆகிவிடுகிறது. மூன்று சொற்களும் ஒதுக்கிவைத்தல் என்ற ஒரே செயலைச் சுற்றித்தான் நிற்கின்றன. ஒன்று கிரேக்கத்திலிருந்து வந்தது. மற்றொன்று அயர்லாந்தில் பிறந்தது. மூன்றாவது எங்கள் தமிழிலிருந்து போனது. இவற்றின் பூர்வீகத்தை இன்று சிறிது பார்ப்போம்.

முதலில் கிரேக்கம். கிறிஸ்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டில் ஏதென்ஸ் நகரத்தில் ஒரு விநோதமான வழக்கம் இருந்தது. இவ்வாண்டு யாரையாவது நகரை விட்டு விலக்க வேண்டுமா என்று ஆண்டுதோறும் குடிமக்களிடம் கேட்பார்கள். ஆம் என்று முடிவானால், குறித்த நாளில் ஒவ்வொருவரும் உடைந்த மட்பாண்ட ஓட்டில் ஒரு பெயரைக் கீறிக்கொண்டு வருவார்கள். குறைந்தது 6,000 ஓடுகள் சேர வேண்டும். அதிகமான ஓடுகளில் பெயர் காணப்பட்டவர் 10 ஆண்டுகள் நகருக்கு வெளியே வாழ வேண்டும். அந்த ஓட்டின் பெயர் 'ஒஸ்ட்ரகொன்'. அதிலிருந்து வந்ததே 'ஒஸ்ட்ரசைஸ்'. ஆங்கிலத்தில் சிப்பியைக் குறிக்கும் 'ஒய்ஸ்டர்' என்ற சொல்லும் இதற்கு உறவு.

நீதிமான் என்று பெயரெடுத்த அரிஸ்டைடீஸ் கி.மு. 482இல் இவ்வாறு விலக்கப்பட்டார். அன்று எழுதத் தெரியாத ஒரு குடியானவன், இன்னாரென்று அறியாமல் அவரிடமே ஓட்டை நீட்டி, அரிஸ்டைடீஸ் என்று எழுதித் தரும்படி கேட்டானாம். அவர் உனக்கு என்ன தீங்கு செய்தார் என்று கேட்டதற்கு, ஒன்றுமில்லை, எங்கே போனாலும் அவரை நீதிமான் நீதிமான் என்கிறார்கள், கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது என்றானாம். அவர் மறுபேச்சின்றித் தம் பெயரை எழுதிக் கொடுத்தார் என்று புளூட்டார்க் சொல்கிறார். 1937இல் ஏதென்ஸின் அக்ரோபொலிஸ் குன்றுச் சரிவிலே கிணறொன்றைத் தோண்டியபோது 190 ஓடுகள் கிடைத்தன. எல்லாவற்றிலும் தெமிஸ்டோக்ளீஸ் என்ற ஒரே பெயர். ஆனால் எழுதிய கைகள் பதினான்குதான்! வாக்காளருக்கு விநியோகிப்பதற்காக முன்கூட்டியே எழுதிவைத்தவை அவை. தேர்தல் தந்திரங்கள் நம் காலத்தில்தான் தொடங்கின என்று எண்ண வேண்டாம்.

அடுத்து அயர்லாந்து. 1880ஆம் ஆண்டு. மேயோ மாவட்டத்திலே ஏர்ன் பிரபுவின் நிலங்களை மேற்பார்வை செய்தவர் கப்டன் சார்ள்ஸ் பொய்கொட். விளைச்சல் பொய்த்த காலம். குத்தகையைக் குறைக்கக் கேட்ட விவசாயிகளுக்கு வெளியேற்றும் அறிவித்தல்கள் வந்தன. அதே செப்டெம்பரில் என்னிஸ் என்ற ஊரில் பேசிய தலைவர் பார்னெல், வெளியேற்றப்பட்டவனின் நிலத்தை எடுப்பவனை அடிக்க வேண்டாம், வீதியிலும் கடையிலும் கோயிலிலும் அவனைத் தீண்டாமல் விட்டுவிடுங்கள் என்று வழிகாட்டியிருந்தார். மக்கள் அதைப் பொய்கொட்டின் மீது பிரயோகித்தார்கள். வேலைக்காரர் வீட்டை விட்டுப் போனார்கள். கடைக்காரர் சாமான் கொடுக்கவில்லை. தபாலும் ஒழுங்காக வந்து சேரவில்லை. பயிரை அறுவடை செய்ய வடக்கிலிருந்து 50 தொண்டர்கள் வந்தார்கள். அவர்களைக் காக்க ஏறத்தாழ ஆயிரம் படையினரும் பொலிசாரும் வந்தார்கள். சுமார் 500 பவுண் பெறுமதியான விளைச்சலைக் காப்பாற்ற 10,000 பவுண் அளவில் செலவாயிற்று என்பார்கள். நவெம்பர் மாத இறுதியில் கப்டன் ஊரை விட்டே போய்விட்டார்.

இச்செயலுக்கு என்ன பெயர் வைப்பது? அருட்தந்தை ஜோன் ஓமாலி என்ற பங்குத்தந்தையிடம் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெட்பாத் இதைக் கேட்டார். 'ஒஸ்ட்ரசைஸ்' என்றால் எங்கள் குடியானவர்களுக்கு விளங்காதே என்று இருவரும் யோசித்தார்கள். அப்படியானால் 'பொய்கொட்' என்றே சொல்வோம் என்றார் பாதிரியார். கிரேக்கச் சொல் ஏழைகளுக்குப் பெரிதாக இருந்தபடியால் ஒரு மனிதனின் பெயரே சொல்லாயிற்று. சில வாரங்களில் அது இலண்டன் பத்திரிகைகளில் ஏறியது. பின்னர் பிரெஞ்சு, ஜேர்மன், டச்சு மொழிகளிலும் புகுந்தது. நாங்கள் பகிஷ்கரிப்பு என்று சொல்வதும் இதனைத்தான்.

இனி மூன்றாவது சொல். ஆங்கிலத்துக்குத் தமிழ் கொடுத்த சொற்களை நாம் பெருமையோடு அடுக்குவதுண்டு: கட்டுமரம், கறி, சுருட்டு, மிளகுதண்ணீர். நானும் பல மேடைகளில் அடுக்கியிருக்கிறேன். 'பரையா' என்ற சொல் வரும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக் கடந்துபோயிருக்கிறேன். இன்று அப்படிச் செய்யப் போவதில்லை.

பறையர் என்ற பெயரே அது. போர்த்துக்கேயர் வாயில் புகுந்து, 1613ஆம் ஆண்டளவில் ஆங்கில நூலில் ஏறியது. முதலில் ஒரு சமூகத்தின் பெயராக இருந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே ஒதுக்கப்பட்ட எவரையும் குறிக்கும் பொதுச் சொல்லாக மாறிற்று. அதற்கு முன்பே, 1791இல், பிரெஞ்சு எழுத்தாளர் பெர்னார்டின் டி சென் பியேர் ஒரு பரையாவைத் தம் கதையின் நாயகனாக்கியிருந்தார். தெருநாய்க்கும் அந்தப் பெயரைச் சூட்டினர் இந்தியாவிலிருந்த ஆங்கிலேயர்.

ஆனால் இந்தப் பொருளை ஆங்கிலேயர் கண்டுபிடித்தார்களா? இல்லை. எங்கள் ஊர்களில் கண்டதைத்தான் எழுதிக்கொண்டார்கள். ஏதென்ஸில் விலக்கப்பட்டவனுக்குப் பத்தாண்டு என்று ஒரு தவணை இருந்தது. பொய்கொட்டுக்குச் செய்கை ஒன்று காரணமாக இருந்தது. அவர் போவதற்கு வேறு ஊரும் இருந்தது. பறையருக்கோ தவணையும் இல்லை, குற்றமும் இல்லை, போவதற்கு வேறு ஊரும் இல்லை. பிறப்பே காரணம். மூன்று சொற்களில் மிகக் கொடியதை உலகுக்குக் கொடுத்தவர்கள் நாங்கள்தான்.

எப்போதும் இப்படியா? புறநானூற்றின் 335ஆம் பாடல் துடியன், பாணன், பறையன், கடம்பன் என்ற நால்வரையும் குடிகள் என்று மதிப்போடு சொல்கிறது. 1893இல் சென்னையில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு பத்திரிகை தொடங்கி அதற்குப் 'பறையன்' என்றே பெயரிட்டார். இழிவாக வீசப்பட்ட பெயரைத் தலைநிமிர்ந்து ஏந்திய செயல் அது. எங்கள் நாட்டிலும் 1957இல் சமூகக் குறைபாடுகளை ஒழிக்கச் சட்டம் வேண்டியிருந்தது. 1972இல் கே. டானியல் 'பஞ்சமர்' நாவலை எழுத வேண்டியிருந்தது.

நேயர்களே, யாழ்ப்பாணத்துப் பேச்சில் 'பறைதல்' என்றால் பேசுதல். சும்மா பறையாதே என்று எங்கள் ஆச்சிமார் சொல்லிக் கேட்டிருக்கிறோம். சேதியை ஊருக்குச் சொல்வதால் அந்த வாத்தியம் பறையாயிற்று. அதை முழக்கியவர் பறையர் ஆனார். ஊரோடு பேசியவரின் பெயர், ஊரே பேசாது விட்டவனின் பெயராக உலகெங்கும் வழங்குகிறது. ஆங்கில அகராதியில் அச்சொல்லைக் காணும்போது அது கிழக்கிலிருந்து வந்ததென்று மட்டும் நினைத்துப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அது எங்கள் தெருவிலிருந்து போனது.