உறுமலைத் தண்டிக்காதீர்கள்

(ஆம்பூரில் நடைபெற்ற ஆசிரியர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பள்ளிப் பாதுகாப்பு பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் ஒரு நாயைப் பற்றிப் பேசப் போகிறேன். பொறுத்துக் கேளுங்கள், தலைப்புக்கு வந்துவிடுவேன்.

நம் ஊர்க் காலைப் பொழுது உங்களுக்குத் தெரியும். ஷூ கம்பெனி வண்டிகள் தெருமுனையில் வந்து நிற்கும். நம் மாணவர்களின் அம்மாக்கள் டிபன் டப்பாவோடு ஏறிப் போவார்கள். பல வீடுகளில் அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போனால் மாலைவரை வீடு பூட்டியே கிடக்கும். பிள்ளை ஆசைப்பட்டது என்று வாங்கிய சின்ன நாய் மாடிப்படிக்குக் கீழே கட்டிக் கிடக்கும். குட்டியாக இருக்கும்வரை எல்லோரும் கொஞ்சுவார்கள். முடி சிக்குப் பிடித்து, சொறி வந்து, நாற்றம் அடிக்கத் தொடங்கியதும் ஒருநாள் இரவில் எங்காவது கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அதில் கொடுமை மட்டும் இல்லை, இயலாமையும் இருக்கிறது.

அப்படி ஒன்று எங்கள் பள்ளிச் சுற்றுச்சுவர் ஓரம் கிடந்தது. பொமரேனியன் கலப்பு. நாலு கிலோகூட இல்லை. கழுத்தில் பட்டைக்குப் பதில் ஒரு ஷூ லேஸ் கட்டியிருந்தார்கள். குட்டியாக இருந்தபோது கட்டியது; நாய் வளர்ந்தது, லேஸ் வளரவில்லை. அது தோலுக்குள் புதைந்திருந்தது. பிள்ளைகள் அதற்கு ‘லேஸ்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

பள்ளியில் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதால் என் வீட்டுப் பின்கட்டுக்குக் கொண்டுபோனேன். அரசு கால்நடை மருத்துவர் லேஸை வெட்டி எடுத்துவிட்டு மூன்று விஷயம் சொன்னார். மூன்றும் நான் செய்ய நினைத்ததற்கு நேர்மாறு.

பட்டினி கிடந்த வயிற்றுக்கு ஒரேயடியாகப் போடாதீர்கள் என்றார். கொஞ்சம் கொஞ்சமாக ஒரு நாளைக்கு நாலைந்து முறை கொடுக்க வேண்டும். நிறையக் கொடுத்தால் உடம்பில் உப்புகளின் அளவு குலைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். சிக்குப் பிடித்த முடியை உடனே குளிப்பாட்டாதீர்கள் என்றார். நனைந்தால் சிக்கு இன்னும் இறுகும்; முதலில் கத்தரிக்க வேண்டும். சொறியில் ஒரு வகை மனிதருக்கும் தொற்றும், அதனால் சிகிச்சை முடியும்வரை பிள்ளைகளைத் தொட விடாதீர்கள் என்றார்.

உடம்பு தேறுவது எளிது, பயம் தேறுவதுதான் கடினம் என்பது பிறகு புரிந்தது. கையை உயர்த்தினால் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். குனிந்து தலையைத் தடவப் போனால் உறுமும். நான் அதட்டினேன். மருத்துவர் அதையும் திருத்தினார். “உறுமல் என்பது எச்சரிக்கை. அதட்டினால் உறுமுவதை நிறுத்திவிடும், பயம் நிற்காது. அடுத்த முறை உறுமாமலே கடிக்கும்.”

அன்றிலிருந்து நான் பக்கவாட்டில் திரும்பி, அதைப் பார்க்காமல், தரையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்தினேன். பக்கத்தில் கொஞ்சம் சோறும் வேகவைத்த முட்டையும் இருக்கும். ஒன்பதாம் நாள் என் முழங்காலில் மூக்கை வைத்தது.

பிறகு மாலையில் பிள்ளைகள் நாலைந்து பேர் வந்து தள்ளி உட்காரத் தொடங்கினார்கள். ஒரு மாணவி, தங்கள் வீட்டில் நாயைத் தொட மாட்டோம் என்றாள். தொட வேண்டாம் அம்மா என்றேன். தாகத்தில் தவித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தன் காலணியில் நீர் மொண்டு கொடுத்தவரின் பாவத்தை இறைவன் மன்னித்தான் என்ற நபிமொழியை அவளே சொன்னாள். தினமும் தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்பும் வேலையை எடுத்துக்கொண்டாள். அன்பு காட்டுவதற்குத் தொட்டுத்தான் ஆக வேண்டும் என்பதில்லை.

இப்போது என் தவறுக்கு வருகிறேன். முதல் நாளே பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்: “யாரையாவது கடித்தால் அன்றைக்கே நாயை அனுப்பிவிடுவேன்.” ஒழுங்காக இருப்பார்கள் என்று நினைத்தேன். ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் இரண்டு நாள் வலது கையைக் கால்சட்டைப் பையிலேயே வைத்திருந்தான். கரும்பலகையில் எழுதக் கூப்பிட்டபோதுதான் பார்த்தேன். விரலில் பல் பட்ட காயம். ரத்தம் வந்திருக்கிறது. “நாயை அனுப்பிடுவீங்கன்னு சொல்லலை சார்” என்றான்.

எனக்குக் கை நடுங்கிவிட்டது. உடம்பு தேறட்டும் என்று நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி அதுவரை போடவில்லை. வெறிநோய் அறிகுறி தோன்றிவிட்டால் ஏறத்தாழ எவரையும் காப்பாற்ற முடியாது. தோன்றுவதற்கு முன் தடுப்பூசி போட்டால் காப்பாற்றிவிடலாம். 1885இல் லூயி பாஸ்டர் முதன்முதலில் அந்தத் தடுப்பூசியைப் போட்டது ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்குத்தான். அவன் பிழைத்தான். அவனுக்குக் கடிபட்டது வீட்டில் தெரிந்திருந்தது. என் மாணவனோ என் சொல்லுக்குப் பயந்து மறைத்திருந்தான்.

காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, பெற்றோரை அழைத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்கு ஓடினோம். ரத்தக் காயம் என்பதால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் மருந்தும் போட்டார்கள். தடுப்பூசி அன்று, பிறகு 3, 7, 28ஆம் நாட்களில். நாயைப் பத்து நாள் தனியே வைத்துக் கவனித்தோம். நாய்க்கு ஒன்றும் இல்லை. பையனும் நலம். அந்தப் பத்து நாளும் எனக்குத் தூக்கம் இல்லை.

நாயின் உறுமலை அதட்டக் கூடாது என்று கற்றுக்கொண்ட நானே, பிள்ளையின் வாயை முன்கூட்டியே அடைத்து வைத்திருந்தேன். மறுநாள் வகுப்பில் விதியை மாற்றினேன்: “கடியோ கீறலோ, எந்த நாயானாலும், உடனே வந்து சொல்பவரைத் திட்ட மாட்டேன். நாயையும் விரட்ட மாட்டேன்.” அந்த வாரமே இரண்டு பேர் வந்தார்கள். ஒருவனுக்குத் தெருநாய்க் கீறல். வீட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்திருந்தார்கள். மற்றவள் சொன்னது நாயைப் பற்றியே இல்லை. அதை இங்கே சொல்ல மாட்டேன். சொல்ல ஒரு இடம் கிடைத்ததால் சொன்னாள், அவ்வளவுதான்.

தேறியபின் லேஸுக்குத் தடுப்பூசியும் கருத்தடையும் செய்தோம். வீடு தேடியபோது நான்கு பேர் கேட்டார்கள். எல்லோரிடமும் ஒரே கேள்விதான்: பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? குடியாத்தத்தில் ஓய்வு பெற்ற தம்பதியர் வீட்டுக்குக் கொடுத்தோம். புது வீட்டில் மிரட்சி தீர மூன்று நாள், பழக்கம் பிடிபட மூன்று வாரம், தன் வீடு என்று நம்ப மூன்று மாதம் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். அதை எழுதிக் கொடுத்தோம். முடியாவிட்டால் தெருவில் விடாமல் என்னிடமே திருப்பித் தாருங்கள் என்றும் எழுதினோம். திரும்பி வரவில்லை.

விலங்கைப் பட்டினியில் தவிக்கும்படி கைவிடுவதும், குட்டைக் கயிற்றில் நெடுநேரம் கட்டிவைப்பதும் 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டம் வர நாடாளுமன்றத்தில் பாடுபட்டவர் கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல். அவரும் ஓர் ஆசிரியர்தான். உயிர்களிடம் இரக்கம் கொள்வது நம் அரசியலமைப்பின் 51ஏ பிரிவு சொல்லும் அடிப்படைக் கடமை. நாம் நடத்தும் பாடம்தான்.

உங்களிடம் நான் கேட்பது நாய் வளர்க்கச் சொல்லி அல்ல. நாளைக் காலை இறைவணக்கக் கூட்டத்தில் இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். கடிபட்டால் சோப்பு, பதினைந்து நிமிடம், அரசு மருத்துவமனை என்று சொல்லுங்கள். அதோடு, வந்து சொன்னால் திட்ட மாட்டேன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முதலில் சொன்னதைப் புத்தகத்திலும் படித்துக்கொள்வார்கள். இரண்டாவதை நம் வாயால் கேட்டால்தான் நம்புவார்கள்.