நர்ஸ் அம்மா மேல புகார்னா யார்கிட்ட சொல்றது?
(ஆண்டுப் பேரவையில் சுகாதாரத் துணைக்குழு உறுப்பினர் பேசியது)



பத்து நிமிஷம்தான் கொடுத்திருக்காங்க, நேரா விஷயத்துக்கு வர்றேன். குழுக் கூட்டத்தில் கடன், வட்டி எல்லாம் பேசி முடிச்சு எழுந்திரிக்கும்போதுதான் இந்தப் பேச்சு வரும். "வலியில கத்துன என் மருமகளை அந்த நர்ஸ் என்ன பேச்சுப் பேசினா தெரியுமா?" "பிள்ளையைக் காட்டறதுக்கு ஐந்நூறு வாங்கிட்டாங்க." சரி, தீர்மானப் புத்தகத்தில் எழுதலாமான்னா, வேண்டாம்பாங்க. அடுத்த பிரசவத்துக்கும் அதே ஆஸ்பத்திரிக்குத்தானே போகணும்! அந்தப் பயம் நியாயமானதுதான். அதனாலதான் தனியாப் போகாம, கூட்டமைப்பு லெட்டர்பேடில் எழுதி, ரெண்டு மூணு பேராப் போகணும்னு சொல்றேன்.

முதல்ல யார் மேல புகார்னு தெரியணும். நாம உடுப்புப் போட்ட எல்லாரையும் நர்ஸ்னு சொல்லிடறோம். பணம் கேட்டது ஆயாவா இருக்கலாம். ஊசி போடறவங்க ஸ்டாஃப் நர்ஸ். வீடு தேடி வந்து கர்ப்பத்தைப் பதிவு பண்றவங்க கிராம சுகாதார செவிலியர். பேர் தெரியலைன்னா பரவாயில்லை. தேதி, நேரம், வார்டு எழுதுங்க, டூட்டிப் பதிவேட்டைப் பார்த்தா ஆள் தெரிஞ்சிடும்.

"திமிர் பிடிச்சவ"ன்னு எழுதினா டாக்டரால் ஒண்ணும் செய்ய முடியாது. "இரவு 2 மணிக்குக் கூப்பிட்டோம், 4 மணி வரை யாரும் வந்து பார்க்கலை"ன்னு எழுதினா, அந்த நர்ஸ்கிட்ட விளக்கம் கேட்கலாம். மொட்டைக் கடுதாசி வேண்டவே வேண்டாம்.

ஆரம்ப சுகாதார நிலையம்னா அங்குள்ள மருத்துவ அலுவலர்கிட்ட கொடுக்கணும். அசையலைன்னா வட்டார மருத்துவ அலுவலர், அதுக்கு மேல மாவட்ட சுகாதார அலுவலர். தாலுகா ஆஸ்பத்திரின்னா தலைமை மருத்துவர், பிறகு மருத்துவப் பணிகள் இணை இயக்குநர். மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் ஆர்.எம்.ஓ., அவருக்கு மேல டீன். 104-க்கு போன் பண்ணியும் சொல்லலாம். எங்க கொடுத்தாலும் நகலில் சீல் போட்டு வாங்காம வராதீங்க.

ஆனா ரத்தப்போக்கு, ஜன்னி, மூச்சுத்திணறல்னு வந்தா மனு எழுதற நேரமா அது? டூட்டி டாக்டரைக் கூப்பிடச் சொல்லி அங்கேயே நில்லுங்க. கூச்சல் போட்டுக் கை நீட்டிடாதீங்க. ஆஸ்பத்திரி ஊழியரைத் தாக்கினா தண்டிக்க 2008-லேயே தமிழ்நாட்டில் சட்டம் போட்டாச்சு. பிரசவ வார்டில் செல்போன்ல வீடியோ எடுக்கறதும் வேண்டாம், பக்கத்துக் கட்டிலில் இருக்கறதும் நம்ம மாதிரி ஒரு பொண்ணுதான்.

இன்னொண்ணு. ராத்திரி ஒரே நர்ஸ், அதுவும் ஒப்பந்தச் சம்பளத்தில், ரெண்டு பிரசவத்தைப் பார்த்துக்கிட்டு மூணாவது ஆளைக் கவனிக்கலைன்னா, அது அந்த நர்ஸ் மேல எழுதற புகார் இல்லை. கூடுதல் ஆள் கேட்டு கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுக்கற மனு.

மாதிரிக் கடிதம் ஜெராக்ஸ் எடுத்து வெச்சிருக்கேன். சாப்பாட்டுக்குப் போகும்போது ஊராட்சிக்கு ஒண்ணு வாங்கிக்கோங்க.