கைநாட்டும் கைப்பேசியும்

நம் பாட்டனார் காலத்தில் எழுத்தறியாதவர் பலர், பிறர் எழுதிய கணக்கின் கீழே கைநாட்டு வைத்தார்கள். வைத்த பிறகு மறுப்பது கடினம். இன்று அதே கட்டைவிரல் கைப்பேசியில் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற பொத்தானை அழுத்துகிறது. அதுவும் ஒரு கைநாட்டுத்தான்.

மலேசியாவில் 2006-ஆம் ஆண்டு மின்னியல் வாணிபச் சட்டம் வந்தது. அதன் எண் 658. மின்னியல் வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஒப்பந்தத்தைச் செல்லாது என்று தள்ள முடியாது என்கிறது அது. இந்தச் சட்டம் வாங்குபவரையும் கட்டும், விற்பவரையும் கட்டும். ஆனால் உயிலும் அதிகாரப் பத்திரமும் இதில் அடங்கா.

புக்கிட் தெங்காவில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். தொழிற்சாலையில் வேலை செய்யும் மகள், தாயாருக்காக இணையத்தில் 180 வெள்ளிக்கு ஒரு மாவரைக்கும் இயந்திரம் வாங்கினாள். வந்ததோ பழுதான இயந்திரம். கடைக்காரர் பதில் சொல்லவில்லை.

“போனால் போகட்டும் தாயி, வக்கீலுக்குக் கொடுக்க நம்மிடம் பணமேது?” என்றார் தாயார்.

“வக்கீலே வேண்டாம் அம்மா, கேட்க இடம் இருக்கிறது” என்றாள் மகள்.

மகள் சொன்னதே சரி. 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், எண் 599, முதலில் மின்னியல் வாணிபத்தை விலக்கியே வைத்திருந்தது. 2007-இல் செய்த திருத்தம் அந்தக் குறையைப் போக்கியது. இச்சட்டப்படி அமைந்ததே பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம். மனுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கோரலாம். மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். அங்கே இரு தரப்புக்கும் வழக்கறிஞர் வாதாட முடியாது, நாமே பேசலாம். தீர்ப்பளித்து 14 நாட்களுக்குள் அதற்குப் பணியாவிட்டால் அது குற்றமாகும்.

ஆனால் ஒன்று, நேயர்களே. விற்றவர் யார், எங்கே இருக்கிறார் என்றே தெரியாவிட்டால் யார்மீது மனுச் செய்வது? அதனால்தான் இணைய வணிகர் தம் பெயர், வணிகப் பதிவு எண், தொடர்பு விவரம், அனுப்பும் செலவு உட்பட முழு விலை ஆகியவற்றை வெளியிட வேண்டும் என்று விதி செய்தார்கள். 2012-இல் இயற்றிய விதிகளுக்குப் பதிலாக 2024-இல் புதிய விதிகள் வந்துள்ளன. இந்த விவரங்கள் இல்லாத கடைக்குப் பணம் அனுப்பாதீர்கள்.

வாங்கும்போது விளம்பரத்தையும் இரசீதையும் உரையாடலையும் படம் பிடித்து வையுங்கள். பொட்டலத்தின் மேலட்டையையும் எறிந்துவிடாதீர்கள். அவையே உங்கள் சாட்சி. மோசடியில் பணம் போய்விட்டது என்று தெரிந்தால், மறுநாளுக்கு என்று தள்ளாமல் உடனே வங்கியையோ 997 என்ற எண்ணையோ அழையுங்கள்.

சட்டம் வக்கீல்களுக்கு மட்டும் உரியதன்று. சட்டத்துறைத் தலைவர் அலுவலகத்தின் இணையத்தளத்தில் இவற்றை மலாயிலும் ஆங்கிலத்திலும் இலவசமாகப் படிக்கலாம். 658, 599 என்ற இரண்டு எண்களைக் குறித்துக்கொண்டு, படிக்கும் பிள்ளைகளிடம் கொடுங்கள். அவர்கள் வாசித்துப் பொருள் சொல்லட்டும்; பெரியவர்கள் கேளுங்கள்.

படிக்காமல் வைத்த கைநாட்டின் வேதனையை நம் முன்னோர் அறிவார்கள். நாம் படித்துவிட்டு விரலை வைப்போம்.