எருமையின் நிறம் என்ன?



நினைவுப் பேருரை என்றால் வரலாறும் கோட்பாடும் பேசுவார்கள் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நாங்கள் குழந்தைகளுக்கு நீர்வண்ணத்தில் எருமை வரையச் சொல்லிக்கொடுப்பதைப் பற்றிப் பேசப்போகிறோம். யாருடைய நினைவில் இங்கே கூடியிருக்கிறோமோ, அந்தத் தோழர் கடைசிவரை சேரியின் படிப்பகங்களை விட்டு விலகாதவர். படிப்பகத்துக்கு வரும் பிள்ளைக்கு அங்கே என்ன கிடைக்க வேண்டும் என்பது அவருக்கு அரசியல் கேள்வி. ஓவிய வகுப்பின் பக்கம் நின்று அந்தக் கேள்விக்கு ஒரு பதில் சொல்லிப் பார்க்கிறோம்.

நாங்கள் சிலர் சேர்ந்து மாலைப் படிப்பகங்களில் 8 முதல் 13 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லித் தருகிறோம். முதல் வகுப்பில் "உங்களுக்குப் பிடித்த விலங்கை வரையுங்கள்" என்போம். எந்த ஊரானாலும் தாளில் வருவது ஒரே கூட்டம்தான்: மயில், முயல், யானை, சிங்கம், நெற்றியில் பொட்டு வைத்த பசு. அதன் பிறகு, "உங்கள் தெருவில் என்னென்ன விலங்கு இருக்கிறது?" என்று கேட்போம். எருமை, பன்றி, நாய், ஆடு, கழுதை என்று பட்டியல் நீளும். "அதில் ஒன்றைக்கூட யாரும் வரையவில்லையே?" என்றால் சிரிப்பார்கள். "அதையெல்லாம் யாராச்சும் வரைவாங்களாக்கா?" என்பார்கள்.

இந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது? எருமை, பன்றி, கழுதை, நாய் ஆகிய நான்கும் நம் பிள்ளைகளுக்கு விலங்கின் பெயராக அறிமுகமாவதற்கு முன்பே வசவாக அறிமுகமாகிவிடுகின்றன. கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்த்து "எருமை மாட்டு மேல மழை பெஞ்ச மாதிரி" என்று சொல்வது பல வகுப்பறைகளில் சாதாரணம். வீட்டில் எருமை கட்டியிருக்கும் பிள்ளை அதைப் பள்ளியில் சொல்லிக்கொள்ளாது. வீட்டில் பன்றி வளர்த்தால் நிச்சயம் சொல்லாது. ஒரு பள்ளியின் ஓவியப் போட்டியில் எங்கள் மாணவி ஒருத்தி எருமைக் கன்று வரைந்தாள். நடுவராக வந்தவர், "நல்லா வரைஞ்சிருக்கே, ஆனா அழகா ஏதாவது வரையக் கூடாதாம்மா?" என்று கேட்டார். கனிவாகத்தான் கேட்டார். ஆனால் எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது என்பதை அந்தக் கனிவே அவளுக்குச் சொல்லிவிட்டது.

இங்கே ஐரோப்பிய ஓவியர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜெர்மனியின் நூரம்பெர்க் நகரைச் சேர்ந்த ஆல்பிரெக்ட் டியூரர் 1502இல் ஒரு முயலை நீர்வண்ணத்தில் வரைந்தார். இன்று அது வியன்னாவின் ஆல்பர்ட்டினா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த முயலின் மயிர் எந்தத் திசையில் படிந்திருக்கிறது, எங்கே சுழிக்கிறது என்று எண்ணிவிடலாம். கண்மணியில் ஒரு சன்னலின் பிரதிபலிப்புகூடத் தெரியும். அந்த அளவுக்கு அவர் பார்த்திருக்கிறார்.

அதே டியூரர் 1515இல் ஒரு காண்டாமிருகத்தை வரைந்து மரச்செதுக்கு அச்சாக வெளியிட்டார். குஜராத் சுல்தான் போர்ச்சுக்கீசியருக்குக் கொடுத்த விலங்கு அது. கப்பலில் லிஸ்பன் போய்ச் சேர்ந்தது. டியூரர் அதைப் பார்க்கவே இல்லை. யாரோ எழுதிய கடிதத்தையும் யாரோ கீறிய கோட்டுப்படத்தையும் வைத்து வரைந்தார். தோல் மடிப்புகள் இரும்புக் கவசத் தகடுகளாகிவிட்டன. கால்களில் செதில்கள் வந்தன. முதுகில் இல்லாத கொம்பு ஒன்று முளைத்தது. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஐரோப்பியப் புத்தகங்களில் அந்தப் படம்தான் காண்டாமிருகம் என்று அச்சாகிக்கொண்டிருந்தது.

கை ஒன்றுதான், திறமையும் ஒன்றுதான். பார்த்தபோது முயல் முயலாக வந்தது. கேள்விப்பட்டதை நம்பியபோது முதுகில் கொம்பு முளைத்தது. நம் மக்களைப் பற்றி ஊர் எழுதிவைத்த பலவும் இந்தக் காண்டாமிருகப் படங்கள்தாம். பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டே பார்க்காமல் எழுதியவை. நம் பிள்ளைகளும் தங்களைப் பற்றி அந்தப் படங்களிலிருந்தே தெரிந்துகொள்கிறார்கள் என்பதுதான் கொடுமை. ஆகவே எங்கள் வகுப்புக்கு ஒரே ஒரு விதி: கேட்டதை வரையாதே, பார்த்ததை வரை.

பார்ப்பதை எப்படிக் கற்பிப்பது? முதல் நாள் பென்சிலே கிடையாது. பிள்ளைகளை எருமை நிற்கும் இடத்துக்கோ, அது படுத்திருக்கும் குட்டைக்கோ அழைத்துப்போகிறோம். கேள்வி மட்டும் கேட்கிறோம். நிற்கும்போது தலை முதுகை விட மேலே இருக்கிறதா, ஏறக்குறைய அதே மட்டத்தில் இருக்கிறதா? காது கொம்புக்கு மேலே முளைக்கிறதா, கீழேயா? கொம்பு உருண்டையா, பட்டையா? அதில் வரி வரியாக இருப்பது என்ன? ஏன் சேற்றில் கிடக்கிறது? எருமைக்கு வியர்வைச் சுரப்பிகள் குறைவு. தோல் கருப்பு, மயிரும் அடர்த்தி இல்லை. வெயிலைத் தாங்க அதற்கு நீரும் சேறும் வேண்டும். இதைத் தெரிந்துகொண்ட பிள்ளை, சேற்றில் கிடப்பதை அதன் பிறகு அழுக்கு என்று சொல்வதில்லை.

இரண்டாம் நாள் பென்சில். முதலில் பெரிய வடிவம்: உடம்புக்கு ஒரு பீப்பாய், தலைக்கு நீண்ட ஆப்பு வடிவம், கால்களுக்கு நான்கு கோடுகள். மிக மெல்லிய கோடாக இருக்க வேண்டும். நீர்வண்ணம் ஒளி ஊடுருவும் வண்ணம். அடியில் அழுத்திப் போட்ட பென்சில் கோடு மேலே தெரிந்துகொண்டே இருக்கும்.

மூன்றாம் நாள் வண்ணம். "எருமை என்ன நிறம்?" என்று கேட்டால் எல்லாரும் ஒரே குரலில் "கருப்பு" என்பார்கள். சரி, கருப்பு வில்லையைப் பெட்டியிலிருந்து எடுத்துவிடுகிறோம். கருப்பு இல்லாமல் எருமையைத் தீட்ட வேண்டும். கையில் மூன்று நிறம் போதும்: அல்ட்ராமரைன் நீலம், செம்பழுப்பான பர்ன்ட் சியன்னா, மஞ்சள் காவி. நீலத்தையும் செம்பழுப்பையும் கலந்தால் ஆழமான கருமை வருகிறது. நீலம் கூடினால் குளிர்ந்த கருமை, செம்பழுப்பு கூடினால் வெதுவெதுப்பான கருமை. இப்போது பிள்ளைகள் மறுபடியும் குட்டைக்குப் போய்ப் பார்க்கிறார்கள். நனைந்த முதுகில் வானம் விழுந்து நீலமாகத் தெரிகிறது. அடிவயிற்றில் செம்மண். முழங்காலில் காய்ந்த சேறு சாம்பலாக வெளுத்திருக்கிறது. காதின் உட்புறத்தில் இளஞ்சிவப்பு. "கருப்புன்னு சொன்னது யாரு?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள்.

செய்முறை இதுதான். முதுகில் ஒளி படும் இடத்தை முதலிலேயே முடிவுசெய்து, அங்கே வண்ணம் போடாமல் விட்டுவிட வேண்டும். நீர்வண்ணத்தில் தாளின் வெள்ளைதான் வெளிச்சம். விட்டதுதான் மிஞ்சும். அடுத்து உடம்பு முழுவதும் தண்ணீர் அதிகமாகக் கலந்த மெல்லிய பூச்சு. அது ஈரமாக இருக்கும்போதே முதுகோரத்தில் நீலத்தையும் வயிற்றோரத்தில் செம்பழுப்பையும் தொட்டுவைத்தால், இரண்டும் தாமாகப் பரவி நடுவில் கலக்கும். தூரிகையால் தேய்க்கக் கூடாது. அல்ட்ராமரைன் காயும்போது மணல் மணலாகப் படியும். எருமைத் தோலின் சொரசொரப்பு அதிலேயே வந்துவிடும். நன்றாகக் காய்ந்த பிறகே இரண்டாம் பூச்சு: கழுத்து மடிப்பு, கால்களுக்கு இடையிலான நிழல். ஈரத்தில் அடர்த்தியாகத் தெரியும் நிறம் காய்ந்ததும் வெளிறிவிடும். எனவே சற்றுத் தைரியமாகவே போட வேண்டும். கடைசியில் கண். கண்ணில் ஒரு புள்ளி வெள்ளையை விட்டால் எருமை நம்மைத் திரும்பிப் பார்க்கும்.

இந்த வகுப்பில்தான் இன்னொன்றும் நடந்தது. பெட்டி வண்ணங்களிலும் மெழுகு வண்ணங்களிலும் வெளிறிய இளஞ்சிவப்பு ஒன்று இருக்கும். பிள்ளைகள் அதை "ஸ்கின் கலர்" என்பார்கள். மனிதர்களை வரையும்போது அதைத்தான் எடுப்பார்கள். எருமைக்கு நிறம் கலக்கிக்கொண்டிருந்த ஒரு சிறுமி, தன் கையைத் தாளின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். செம்பழுப்பைக் கூட்டினாள், மஞ்சள் காவி சேர்த்தாள், நீலத்தைத் துளி தொட்டாள். "அக்கா, இதுதான் என் ஸ்கின் கலர்" என்றாள். அழகியல் பற்றி நாம் நடத்தும் கருத்தரங்குகளில் தேடுவது எதுவோ, அதை அவள் ஒரு தட்டின் ஓரத்தில் கலந்து எடுத்துவிட்டாள்.

கருவிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீர்வண்ணத்துக்கு இரண்டு குவளை தேவை. ஒன்று தூரிகை கழுவ, இன்னொன்று வண்ணம் கலக்க. இரண்டு குவளை என்றதும் இந்த அவையில் இருப்பவர்களுக்குத் தேநீர்க் கடை நினைவுக்கு வரும். பெரிய பிள்ளைகளுக்கும் வருகிறது. அவர்களிடம் மறைக்காமல் பேசுகிறோம். இந்தக் குவளைகள் வேலைக்காகப் பிரிந்தவை, கழுவி ஊற்றிவிட்டு மாற்றிக்கொள்ளலாம். அந்தக் குவளைகள் பிறப்பைச் சொல்லிப் பிரிக்கப்பட்டவை.

நல்ல நீர்வண்ணத் தாளில் தண்ணீர் ஊற்றினால் உடனே உறிஞ்சாது. பல தாள்களில் அதற்குக் காரணம், ஜெலட்டின் பூச்சு. ஜெலட்டின் விலங்கின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் காய்ச்சி எடுப்பது. வண்ணம் சீராகப் பரவ ஓவியர்கள் மாட்டின் பித்தநீரைச் சேர்ப்பதுண்டு. ஐவரி பிளாக் என்று விற்கும் கருப்பு, எரித்த எலும்பின் கரி. எண்ணெய் வண்ணத் தூரிகைக்குப் பன்றிமயிர். கான்பூரில் பன்றிமயிர் வணிகத்தை நடத்தியவர்கள் தீண்டப்படாத கட்டிக் சமூகத்தினர். செத்த மாட்டை இழுத்தும் தோலை உரித்தும் எலும்பைப் பொறுக்கியும் இந்தச் சமூகத்துக்குக் கொடுத்தவர்கள் யார் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. 2016இல் குஜராத்தின் ஊனாவில் அந்த வேலைக்காகவே நம் சகோதரர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். அதன் பிறகு குஜராத்தில் தலித்துகள் செத்த மாடுகளை அரசு அலுவலகத்தின் முன் போட்டுவிட்டு, இனி எடுக்க மாட்டோம் என்றார்கள். ஓவியம் தூய கலை என்பவர்களுக்கு, அந்தத் தாளின் மேல்பூச்சே தோல் என்பதை நம் பிள்ளைகள் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

தண்ணீரும் அப்படித்தான். 1927 மார்ச் 20இல் அண்ணல் அம்பேத்கர் மகாடு சவுதார் குளத்தில் இறங்கி நீர் அருந்தினார். கால்நடைகள் குடிக்கத் தடையில்லாத குளத்தில் மனிதர்களுக்குத் தடை இருந்தது. 2011இல் வெளிவந்த 'பீமாயணம்' சித்திர நூலில் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்னும் கோண்டு ஆதிவாசி ஓவியர்கள் அந்தத் தண்ணீரின் கதையை வரைந்திருக்கிறார்கள். அதில் இதமாகப் பேசுபவரின் சொல் பறவை வடிவக் குமிழிக்குள் வரும். நஞ்சாகப் பேசுபவரின் சொல்லுக்குத் தேள்கொடுக்கு இருக்கும். விலங்குகளோடு வாழ்ந்த மக்களின் கண் அது. அந்தக் கண் நம் பிள்ளைகளுக்கும் உண்டு. கெடுக்காமல் இருந்தால் போதும்.

கடைசியாக, நம்மிடையே பேச வேண்டிய ஒன்று. பிள்ளைகளின் படங்களைப் பார்க்கும் நம் தோழர்கள் சிலர், "எருமை சரி, போராட்டம் எங்கே?" என்று கேட்கிறார்கள். காஞ்சா அய்லய்யா 2004இல் 'எருமைத் தேசியம்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் நூல் எழுதியபோது, நாட்டுக்குப் பால் கொடுத்தும் கருப்பாக இருப்பதால் புனிதம் மறுக்கப்பட்ட விலங்காக எருமையை முன்வைத்தார். வலுவான வாதம், நமக்குத் தேவையான வாதம். ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளையின் தாளுக்குள் அதை நாம் திணிக்க வேண்டியதில்லை. ஊர் அந்த எருமையை வசவாக்கியது. நாம் அதை உடனே முழக்கமாக்கினால் பிள்ளை இரண்டாவது முறையும் எருமையைப் பார்க்காமல் போய்விடும். முதலில் அது இந்தக் குட்டையில் கிடக்கும், இடது கொம்பு சற்று வளைந்த, இந்த எருமையாக இருக்கட்டும். தன் கண்ணை நம்பப் பழகிய பிள்ளை, நாளை பாடப்புத்தகத்தில் தன்னைப் பற்றி எழுதியிருப்பதையும் அதே கண்ணால் படிக்கும். முதுகில் கொம்பு இருந்தால் கண்டுபிடித்துவிடும்.

செலவு பெரிதில்லை. 12 நிறப் பெட்டி ஒன்றை நான்கு பிள்ளைகள் பகிர்ந்துகொள்ளலாம். விலையுள்ள தாளை நான்காக வெட்டி அஞ்சலட்டை அளவில் பயன்படுத்தலாம். ஒரு நடுத்தர உருண்டைத் தூரிகை, பழைய பருத்தித் துணி, இரண்டு குவளை போதும். இங்கே வந்திருக்கும் மாணவர்கள் தங்கள் பகுதிப் படிப்பகத்தில் வாரம் ஒரு மாலை ஒதுக்குங்கள். ஓவியராக இருக்க வேண்டியதில்லை. பிள்ளைகளோடு குட்டைக்கரையில் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்க்கப் பொறுமை இருந்தால் போதும்.