வெயிலுக்கு விலையில்லை, வட்டிக்கு உண்டு

(எரிசக்தி முதலீடு குறித்து ஹைதராபாத் சனத்நகரில் கூடிய கருத்தரங்கின் தலைமையுரை)



தெலங்கானா மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைமை அலுவலகம் சனத்நகர் தொழிற்பேட்டைக்குள்ளேயே இருக்கிறது. புகையை அளப்பவர்களும் புகை விடுபவர்களும் இங்கே அக்கம்பக்கத்தார். 1942-இல் தொடங்கிய ஹைதராபாத் ஆல்வின் நிறுவனம் குளிர்பதனப் பெட்டியும் பேருந்துக் கூடும் செய்தது இந்த வட்டாரத்தில்தான். சில கிலோமீட்டர் தள்ளி, ஹுசேன் சாகர் கரையில், நிஜாம் காலத்து அனல்மின் நிலையம் ஒன்று நிலக்கரியைத் தின்றுகொண்டிருந்தது. அந்தப் பக்கம் இன்று பூங்காவுக்கும் திரையரங்குக்கும் கூட்டம் போகிறது.

இப்படிப்பட்ட இடத்தில் கூடியிருக்கும் அவைக்கு முன்னால் உள்ள தொகைகள் மட்டும் எட்டாத உயரத்தில் நிற்கின்றன. சர்வதேச எரிசக்தி முகமையின் மதிப்பீட்டில் 2025-ஆம் ஆண்டின் உலக எரிசக்தி முதலீடு 3.3 லட்சம் கோடி டாலர். தூய எரிசக்தி, மின்தடங்கள், சேமிப்பு, சிக்கனம் எல்லாம் சேர்ந்து அதில் 2.2 லட்சம் கோடி. மீதி நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும். புதைபடிவ எரிபொருளில் போடும் பணத்தைத் தூய எரிசக்தியில் போடும் பணம் 2025 வாக்கில் நன்றாகத் தாண்டியிருக்க வேண்டும் என்று ஆஸ்திரியாவின் ஐ.ஐ.ஏ.எஸ்.ஏ. ஆய்வு நிறுவனம் முன்னின்று நடத்திய ஆய்வு ஒன்று 2018-இல் கணக்குப் போட்டுச் சொன்னது. அந்தக் கெடு தவறவில்லை. பணம் புரளத்தான் செய்கிறது.

அது எங்கே புரள்கிறது என்பதில்தான் சிக்கல். உலக மக்களில் ஐந்தில் ஒரு பங்கினர் வாழும் ஆப்பிரிக்காவுக்குத் தூய எரிசக்தி முதலீட்டில் நூற்றுக்கு இரண்டு பங்குதான் போகிறது. 2023-இல் டெல்லியில் கூடிய ஜி-20 தலைவர்கள், 2030-க்குள் தூய எரிசக்தித் தொழில்நுட்பங்களுக்கு ஆண்டுக்கு 4 லட்சம் கோடி டாலர் வேண்டும் என்று பிரகடனத்தில் எழுதினார்கள். மறு ஆண்டு பாகு காலநிலை மாநாட்டில் வளரும் நாடுகளுக்குக் கிடைத்த வாக்குறுதி, 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர். இது போதாது என்று இந்தியப் பிரதிநிதி அந்த மண்டபத்திலேயே எதிர்ப்புத் தெரிவித்தார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. ஆனாலும், யார் எவ்வளவு தருவார்கள் என்ற பேச்சிலேயே மூழ்கிவிட்டால், கடன் என்ன வட்டிக்கு வருகிறது என்ற கேள்வி காணாமல் போய்விடுகிறது.

தெலங்கானாவின் ராமகுண்டத்தைப் பார்க்கலாம். அங்குள்ள என்.டி.பி.சி. அனல்மின் நிலையத்தின் நீர்த்தேக்கத்தின் மேல் 100 மெகாவாட் சூரிய மின் நிலையம் மிதக்கிறது. 2022 ஜூலையில் முழுமையாக இயங்கத் தொடங்கிய அது, 40 தொகுதிகளாகச் சுமார் 500 ஏக்கர் நீர்ப்பரப்பில் விரிந்திருக்கிறது. சோலார் பேனல்கள் மட்டுமல்லாமல் இன்வெர்ட்டரும் டிரான்ஸ்பார்மரும்கூட மிதவை மேடைகளில்தான் நிற்கின்றன. தேக்கத்தின் அடியில் இறக்கிய கான்கிரீட் பாளங்கள் அவற்றைக் காற்று அடித்துப் போகாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன. செலவு 423 கோடி ரூபாய், அதாவது மெகாவாட்டுக்கு 4.23 கோடி. 2016-இல் ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் தரையில் அமைத்த 648 மெகாவாட் நிலையத்துக்கு மெகாவாட்டுக்கு ஏழு கோடி ஆனது. மிதவைச் செலவையும் சேர்த்தே ஆறே ஆண்டுகளில் இவ்வளவு இறக்கம்.

இனி வட்டிக்கு வருவோம். அனல்மின் நிலையம் வாழ்நாள் முழுக்க நிலக்கரிக்குக் காசு கொடுத்துக்கொண்டே இருக்கும். சூரிய மின் நிலையத்துக்கு எரிபொருள் செலவே கிடையாது. ஏறக்குறைய மொத்தச் செலவையும் முதல் நாளே கொட்டியாக வேண்டும், அது பெரும்பாலும் கடன். ஒரு மெகாவாட் ஆண்டுக்குச் சுமார் 17.5 லட்சம் யூனிட் தரும் என்று வைத்துக்கொண்டு, 4.23 கோடியை 25 ஆண்டுத் தவணையில் ஆறு சதவீத வட்டிக்கு அடைத்தால், யூனிட்டுக்கு முதலும் வட்டியுமாக விழுவது ஏறத்தாழ ஒரு ரூபாய் 89 காசு. வட்டி பத்து சதவீதமானால் அது இரண்டு ரூபாய் 66 காசு. அதே பேனல், அதே வெயில், அதே நீர்த்தேக்கம். கூடுதலான 77 காசு முழுக்கக் கடன் கொடுத்தவருடைய அச்சத்தின் விலை.

எதைக் கண்டு அச்சம்? இந்தியாவில் அதற்குப் பதில் சுருக்கமானது: விற்ற மின்சாரத்துக்குப் பணம் வருமா, வந்தாலும் எப்போது வரும்?

இரண்டு நிகழ்ச்சிகளை அருகருகே வைத்தால் இது விளங்கும். 2017 பிப்ரவரியில் மத்தியப் பிரதேசத்தின் ரேவாவில் 750 மெகாவாட்டுக்கு ஏலம் நடந்தது. வங்கிக் கடனுறுதிக் கடிதம், தனிப் பாதுகாப்பு நிதி, அவற்றுக்கும் மேலே மாநில அரசின் உத்தரவாதம் என்று மூன்று அடுக்குக் காப்பு இருந்தது. வாங்குபவர்களில் டெல்லி மெட்ரோவும் ஒன்று. முதலாண்டு விலை யூனிட்டுக்கு 2.97 ரூபாய் என்று இறங்கியது. கமுதிக்குத் தமிழ்நாடு கொடுக்க ஒப்புக்கொண்டிருந்த விலை 7.01. இரண்டாவது நிகழ்ச்சி பக்கத்து ஆந்திரப் பிரதேசத்தில். 2019-இல் பதவியேற்ற அரசு, பழைய காற்றாலை, சூரிய மின் ஒப்பந்தங்களின் விலையை மறுபடி பேச வேண்டும் என்று கிளம்பியது. வழக்கு நடந்து, ஒப்பந்த விலையையே கொடுக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2022 மார்ச்சில். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் நிலுவைக்குக் காத்திருந்த நிறுவனங்களுக்குக் கடன் கொடுத்த வங்கி, அடுத்த விண்ணப்பத்தை எந்தக் கண்ணோடு பார்த்திருக்கும்?

தெலங்கானாவின் கணக்கும் சுகமாக இல்லை. 2023 டிசம்பரில் சட்டப்பேரவையில் வைத்த வெள்ளை அறிக்கையின்படி மின்துறையின் கடன் 81,516 கோடி ரூபாய். இதற்கு வேளாண் இலவச மின்சாரமே காரணம் என்று ஒரே போடாகப் போட்டுவிடுவது சில பொருளியல் அறிஞர்களின் வழக்கம். 2018 ஜனவரி முதல் நாளிலிருந்து இங்கே பம்ப்செட்டுகளுக்கு 24 மணி நேரமும் இலவச மின்சாரம். அதற்கு முன்னால், இரவில் எந்த நேரம் மின்சாரம் வரும் என்று தெரியாத விவசாயி, வந்ததும் தானாக ஓடட்டும் என்று மோட்டாருக்கு ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டிவைத்திருந்தார். மின்சாரம் நிற்காமல் வரத் தொடங்கியதும் மோட்டார்களும் நிற்காமல் ஓடின. ஆட்டோ ஸ்டார்ட்டரைக் கழற்றுங்கள் என்று மின்வாரிய ஊழியர்கள் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போனார்கள். நிலத்தடி நீர் எங்கே போயிற்று என்பது தனிக் கதை. விவசாயிக்கு மானியம் கொடுப்பதா என்பது அரசியல் முடிவு. கொடுப்பது என்று முடிவான தொகையை அரசு விநியோக நிறுவனத்துக்கு உரிய நாளில் கட்டிவிட்டால், இந்தக் கருத்தரங்கில் பேசவேண்டியதில் பாதி குறைந்துவிடும்.

தட்டுப்பாடு பேனலில் இல்லை, தடத்திலும் சேமிப்பிலும்தான். 2025-இல் இந்தியாவின் மின் நிறுவுதிறனில் பாதி புதைபடிவம் சாராதது என்று மத்திய அரசு அறிவித்தது. உற்பத்தியில் இன்னும் பெரும்பங்கு நிலக்கரிக்குத்தான். ராஜஸ்தான் பாலைவனத்தில் நண்பகலில் கிடைக்கும் மின்சாரம் தெற்கே வர உயர் அழுத்தத் தடம் வேண்டும், மாலைக்கு எடுத்துவைக்கச் சேமிப்பு வேண்டும். 2032 வரையான தேசியத் திட்டம் மின்தடங்களுக்கு மட்டும் 9.15 லட்சம் கோடி ரூபாய் கேட்கிறது. தடம் போடுகிறவர்களுக்கு ரிப்பன் வெட்டும் புகைப்படங்களில் இடம் கிடைப்பதில்லை, பாவம்.

மறுபுறம், சில இடங்களில் தேவைப்படும் பணம் வெட்கப்படும் அளவுக்குச் சின்னது. விறகும் வறட்டியும் ஊதிச் சமைப்போர் உலகில் சுமார் 200 கோடிப் பேர். அவர்கள் எல்லாருக்கும் 2030-க்குள் தூய அடுப்பு கொடுக்க ஆண்டுக்கு 800 கோடி டாலர் போதும் என்று 2023-இல் அதே எரிசக்தி முகமை சொன்னது. உலக எரிசக்தி முதலீட்டில் இது நானூறில் ஒரு பங்குகூட வராது. இந்தியாவில் உஜ்வலா திட்டம் பத்துக் கோடிக்கு மேல் எரிவாயு இணைப்புகளைக் கொடுத்தது. முதல் சிலிண்டர் தீர்ந்த பிறகு அடுத்ததை வாங்கக் கையில் காசு இருக்கிறதா என்பதை முதலீட்டு மாதிரிகள் பெரும்பாலும் கேட்பதில்லை.

சிக்கனமும் முதலீடுதான். அரசு நிறுவனம் மொத்தமாகக் கொள்முதல் செய்ததால், 2014-இல் 310 ரூபாயாக இருந்த எல்.இ.டி. பல்பின் கொள்முதல் விலை 2016-இல் 38 ரூபாய்க்கு வந்தது. ஆல்வின் பெட்டிகள் இருந்த வீடுகளில் இன்று மின்சிக்கன நட்சத்திர முத்திரை பார்த்து வாங்குகிறார்கள்.

ஹைதராபாதுக்கென்று ஒரு யோசனையை இவ்வுரை அவையின் முன் வைக்கிறது. இந்த நகரம் குடிக்கும் கிருஷ்ணா நீரும் கோதாவரி நீரும் நூறு கிலோமீட்டருக்கு மேல் பம்ப் செய்து வருபவை. குழாயைத் திறந்தால் தண்ணீரோடு மின்கட்டணமும் சேர்ந்தே விழுகிறது. நர்மதை நீருக்கு இதே பாடு படும் இந்தூர் மாநகராட்சி, 2023 பிப்ரவரியில் பசுமைப் பத்திரம் வெளியிட்டு 244 கோடி ரூபாய் திரட்டியது, பம்ப் நிலையங்களுக்காக 60 மெகாவாட் சூரிய மின் நிலையம் அமைக்க. பொதுமக்களும் வாங்கினார்கள், வட்டி 8.25 சதவீதம். ஹைதராபாத் மாநகராட்சிக்கும் பத்திரச் சந்தை புதிதல்ல. 2018-இலேயே சாலைத் திட்டங்களுக்காக 8.9 சதவீதத்தில் 200 கோடி வாங்கியிருக்கிறது. பம்ப் நிலையங்களுக்கான சூரிய மின்சாரத்துக்கும் அதே வழியில் திரட்டலாம்.

சனத்நகரின் தகரக் கூரைப் பட்டறைகளுக்குப் பத்திரம் வெளியிடும் இந்த வழி இல்லை. நான்கு லேத் இயந்திரம் வைத்திருப்பவர் யூனிட்டுக்கு ஏழு ரூபாய்க்கு மேல் கட்டுகிறார். கூரையில் பேனல் போட்டால் மிச்சம் என்பது அவருக்கும் தெரியும். வங்கி கேட்கும் அடமானத்துக்குக் கொடுக்க வீட்டுப் பத்திரம்தான் இருக்கிறது, அது ஏற்கெனவே இயந்திரக் கடனுக்குப் போய்விட்டது.

ஆகவே கட்டுரை வாசிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். முதலீட்டுத் தொகை எதைச் சொன்னாலும், கடன் வாங்குபவர் யார், வட்டி எவ்வளவு, பணம் திரும்ப எந்தக் கணக்கிலிருந்து வரும் என்ற மூன்றையும் அதன் பக்கத்தில் எழுதுங்கள். முதல் அமர்வு விநியோக நிறுவனங்களின் வரவு செலவோடு தொடங்குகிறது. பட்டறைக்காரரின் கடன் பிற்பகல் அமர்வுக்கு. கருத்தரங்கு தொடங்கட்டும்.