துணைச் செவிலியர் பணியும் மனநிறைவும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



பிலாய் நகரின் இக்குடியிருப்பிலும் இதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் துணைச் செவிலியராகப் பணியாற்றும் தமிழ்ப் பெண்கள் நாங்கள். பேசுவதற்குரிய பொருளை நாங்களே தேர்ந்துகொள்ளுமாறு சங்கத்தார் கூறினர். எனவே, எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் ஒரு வினாவையே எடுத்துக்கொண்டோம். "இன்னும் எத்தனை காலம் துணைச் செவிலியாகவே இருப்பாய்? மேலே படித்து முன்னுக்கு வரக்கூடாதா?" என்பதே அவ்வினா. திருமண வீட்டில் கேட்கிறார்கள். பொங்கல் விழாவில் கேட்கிறார்கள். காய்கறிக் கடையிலும் கேட்கிறார்கள். அன்பினால் கேட்கிறார்கள் என்பதை அறிவோம். ஆயினும், அவ்வன்பே சிலவேளைகளில் சுமையாகிவிடுகிறது.

செவிலியர் கல்வியில் படிகள் பல உள. எங்கள் ஏ.என்.எம். பயிற்சி இரண்டாண்டு. அதன்மேல் மூன்றாண்டுப் பயிற்சியாகிய ஜி.என்.எம்.; நான்காண்டுப் படிப்பாகிய பி.எஸ்ஸி. நர்சிங், அதற்கும் மேலே முதுநிலைப் பட்டம். ஏணி இருக்கிறது என்பதை யார் மறுப்பார்? ஏறுவோரை நாங்கள் வாழ்த்துகிறோம். எங்களோடு பயின்ற தோழியர் சிலர் மேற்படிப்பு முடித்துப் பெரிய மருத்துவமனைகளில் பொறுப்பேற்றுள்ளனர். அவர்களால் எங்களுக்குப் பெருமையே. ஆனால், ஏணி இருக்கிறது என்பதற்காகவே எல்லோரும் ஏறியாக வேண்டும் என்பது முறையாகுமா?

இப்பணி தோன்றிய வரலாற்றைச் சற்றே எண்ணிப் பாருங்கள். ஜோசப் போர் என்பாரின் தலைமையில் அமைந்த குழு 1946-ஆம் ஆண்டில் அறிக்கை அளித்தபோது, பிரிவினைக்கு முந்தைய இந்தியா முழுமைக்கும் ஏறத்தாழ 7,000 செவிலியரே இருந்தனர். நகரத்து மருத்துவமனைகளுக்கே அவர்கள் போதவில்லை. சிற்றூர்களின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ? இக்குறையைப் போக்கவே, 1951-ஆம் ஆண்டில் பஞ்சாபிலுள்ள தரன் தாரனில் துணைச் செவிலியர் பயிற்சி தொடங்கப்பெற்றது. ஆகவே, எங்கள் பணி வேறொரு பணிக்கு ஏறும் முதற்படியாக மட்டும் அமைக்கப்பட்டதன்று. மருத்துவர் சென்று சேராத இடத்திற்குச் சென்று சேர்வதே அதன் நோக்கம்.

சமவெளியில் 5,000 மக்களுக்கு ஒரு துணை நலவாழ்வு நிலையம் என்பது அரசின் அளவுகோல். அந்த 5,000 பேருள் கருவுற்றோர் யார், யாருக்குக் குருதி குறைந்துள்ளது, எந்தக் குழந்தை எடை ஏறாமல் நிற்கிறது என்பவற்றை அறிந்திருப்பது அங்குள்ள துணைச் செவிலியின் கடமை.

இதில் கற்பதற்கு என்ன இருக்கிறது என்று எண்ணுவோர் உண்டு. பிறந்த குழந்தைக்குக் காசநோய்த் தடுப்பூசி இடுவதைப் பாருங்கள். மருந்தின் அளவு 0.05 மில்லிலிட்டர். அது தசைக்குள் செல்லலாகாது. தோலுக்கு அடியிலும் செல்லலாகாது. தோலுக்குள்ளேயே நின்று சிறு கொப்புளம்போல் எழ வேண்டும். முறையை ஒரு நாளில் படித்துவிடலாம். அது கைக்கு வர நெடுங்காலம் ஆகும். தடுப்பு மருந்துக் குப்பியின்மேல் ஒரு வட்டமும் அதனுள் ஒரு சதுரமும் இருக்கும். வெப்பம் படப்படச் சதுரம் கறுக்கும். அது வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் அம்மருந்தை ஒதுக்கிவிட வேண்டும். கோடை வெயிலில் மருந்துப் பெட்டியைச் சுமந்து சிற்றூருக்குச் செல்லும்போது எங்கள் கண் அச்சதுரத்தின் மேலேயே இருக்கும்.

இவற்றினும் அரியது ஒன்று உண்டு. அது மக்களின் நம்பிக்கை. முதல் ஊசிக்குப்பின் பேரனுக்குக் காய்ச்சல் வந்ததென்று அடுத்த ஊசிக்கு மறுக்கும் பாட்டியரைப் பலமுறை கண்டிருக்கிறோம். புதிதாக வந்தவர் எத்துணை விளக்கினும் கதவு திறவாது. "நம் மகளின் பேற்றின்போது இரவெல்லாம் உடனிருந்தவள் அல்லவா இந்தத் தீதி?" என்ற நினைவு வந்தால் கதவு திறக்கும். அக்காள் என்னும் பொருளுடைய அச்சொல்லை எந்தப் பல்கலைக்கழகமும் வழங்குவதில்லை. ஓரிடத்தில் நிலைத்திருப்பவரே அதனைப் பெறுகின்றனர்.

இளம்பிள்ளைவாதம் இந்நாட்டில் இறுதியாகக் கண்டறியப்பட்டது 2011-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 13-ஆம் நாள். அந்நோய் நீங்கியதென 2014-ஆம் ஆண்டு மார்ச்சு 27-ஆம் நாள் சான்று கிடைத்தது. கொரோனாத் தடுப்பூசி 2021-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள் 100 கோடியை எட்டியது. இவ்விரு வெற்றிகளிலும் பெயர் அறியப்படாத துணைச் செவிலியர் பல்லாயிரவரின் உழைப்பு உண்டு.

வள்ளுவப் பெருந்தகை மருந்து என்னும் அதிகாரத்தின் முடிவில், மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார்: நோயுற்றவன், மருத்துவன், மருந்து, உடனிருந்து துணைபுரிபவன். அந்நான்காமவனுக்கு அவர் இட்ட பெயர் உழைச்செல்வான் என்பது. உழை என்றால் பக்கம். நோயாளியின் அருகே இருத்தலே அவன் இலக்கணம். மேலேறும் படிகளில் பல, நோயாளியின் பக்கத்தை விட்டுப் பதிவேட்டின் பக்கம் அழைத்துச் செல்வன. அப்பணியும் வேண்டியதே. எனினும், எல்லோரும் அங்கே சென்றுவிட்டால் இங்கே இருப்பவர் யார்?

மனநிறைவு வேறு, சோம்பல் வேறு. புதிய மருந்தும் புதிய முறையும் வரும்போதெல்லாம் நாங்கள் கற்றுக்கொண்டேதான் இருக்கிறோம். கற்பதை நிறுத்தியவர்க்கு இப்பணியில் இடமில்லை. அவ்வாறே, மனநிறைவு வேறு, குறைந்த ஊதியத்திற்குத் தலைவணங்குவது வேறு. எங்களுள் சிலர் இன்றும் ஒப்பந்த முறையிலேயே பணிபுரிகின்றனர். ஆண்டுதோறும் வேலை நீடிக்குமோ என்று அஞ்சுகின்றனர். "நீங்கள்தாம் மனநிறைவோடு இருக்கிறீர்களே!" என்று கூறி எங்கள் உரிமையை யாரும் தள்ளிவிட இடங்கொடோம். பணியை விரும்புவோர்க்கும் வீட்டு வாடகை உண்டு. பிள்ளைகளின் பள்ளிச் செலவு உண்டு.

பெரியோர்களே! உங்கள் மகளிர் உயர்ந்த படிப்பை விரும்பினால், கடன் பெற்றேனும் படிக்க வையுங்கள். ஆனால், ஒரு பெண் "இப்பணியே எனக்குப் போதும்" என்று தெளிந்து கூறினால், அவளைத் தோற்றவளாகக் கருதாதீர்கள். மாப்பிள்ளை வீட்டாரிடம் அவள் பணியைத் தாழ்ந்த குரலில் சொல்லாதீர்கள். நிமிர்ந்து சொல்லுங்கள். நோயுற்று இரவில் விழித்துக் கிடப்பவர்க்கு வேண்டுவது, அழைத்தவுடன் அருகே வரும் ஒருவர். அவ்வொருவராக இருக்க நாங்கள் விரும்பியே தேர்ந்துகொண்டோம்.