லெபிடுஸ் போட்ட சாலை

இத்தாலியின் வரைபடம் கையில் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாட்டின் வடகிழக்கே, ஏட்ரியாடிக் கடலோரத்தில் ரிமினி என்று ஓர் ஊர் இருக்கும். அங்கே விரலை வைத்து, வடமேற்கே போ ஆற்றங்கரையில் இருக்கும் பியாசென்சா வரை ஒரு கோடு இழுங்கள். செசேனா, ஃபோர்லி, ஃபாயென்சா, இமோலா, பொலோன்யா, மோடெனா, ரெஜ்ஜோ, பார்மா, ஃபிடென்சா என்று ஊர்கள் அந்தக் கோட்டின்மேல் வரிசையாக வந்து நிற்கும். ஏறக்குறைய 260 கிலோமீட்டர் தூரத்துக்கு இப்படித்தான். கி.மு. 187-இல் மார்க்குஸ் எமிலியுஸ் லெபிடுஸ் என்ற ரோமானியக் கான்சல் போட்ட சாலை அது. அவர் பெயராலேயே அதை வியா எமிலியா என்கிறார்கள். இன்றைய அரசாங்கக் கணக்கில் அது 9-ஆம் எண் நெடுஞ்சாலை.

ரிமினியிலிருந்து புறப்பட்டால் இடது பக்கம் அப்பென்னைன் மலையடிவாரம். வலது பக்கம் போ ஆற்றுச் சமவெளி. அந்தக் காலத்தில் சமவெளியின் பெரும்பகுதி சதுப்பு, மலையோ கரடுமுரடு. இரண்டுக்கும் நடுவே காய்ந்த தரை கிடைத்த இடத்தில் சாலையை விட்டிருக்கிறார்கள். மலையிலிருந்து இறங்கும் ஆறுகள் எல்லாமே சாலையைக் குறுக்கே வெட்டுகின்றன. ஆகவே இந்தச் சாலையின் கதையில் பாதி, பாலங்களின் கதை.

முதல் பாலமே ரிமினியில். பேரரசர் அகஸ்டஸ் காலத்தில், கி.பி. 14-இல் தொடங்கி, டைபீரியஸ் காலத்தில் கி.பி. 21-இல் முடித்த பாலம் அது. வெள்ளை இஸ்த்ரியக் கல்லில் ஐந்து வளைவுகள். இறங்கிப் பக்கவாட்டில் நின்று பாருங்கள், தூண்கள் சாலைக்கு நேர்ச் செங்குத்தாக இல்லை. ஆற்றின் ஓட்டம் எந்தப் பக்கம் சாய்கிறதோ, அந்தப் பக்கமாகச் சற்றுத் திருப்பி வைத்திருக்கிறார்கள். வெள்ளம் தூணில் மோதாமல் அதை ஒட்டி வழிந்து போவதற்காக. மேலே கைப்பிடிச் சுவரின் உட்புறத்தில் இரண்டு பேரரசர்களின் பெயர்களும் செதுக்கப்பட்டிருக்கின்றன. எழுத்துகள் மழுங்கியிருந்தாலும் விரலால் தடவிப் பார்த்தால் பள்ளம் தட்டுப்படும். சில ஆண்டுகளுக்கு முன்புவரை கார்களும் வண்டிகளும் இதன்மேல் ஓடிக்கொண்டிருந்தன.

சாலையில் கொஞ்ச தூரம் போனதும் ஒரு சிறிய ஆறு. பெரிய வாய்க்கால் என்றுகூடச் சொல்லலாம். பெயர்ப்பலகையில் ரூபிகோனே என்று எழுதியிருக்கிறது. கி.மு. 49-இல் ஜூலியஸ் சீசர் படையோடு தாண்டிய ரூபிகான்! ஊரின் பெயரும் சாவிஞ்ஞானோ சுல் ரூபிகோனே, அதாவது ரூபிகான் கரைச் சாவிஞ்ஞானோ. ஆனால் 1933 வரை இந்த ஆற்றுக்குப் பெயர் ஃபியுமிச்சினோ, சின்ன ஆறு. பக்கத்தில் உள்ள உசோ, பிஷ்ஷாதெல்லோ என்ற வேறு இரண்டு ஆறுகளும் தாங்கள்தான் ரூபிகான் என்று நூற்றாண்டுகளாக உரிமை கொண்டாடி வந்தன. முசோலினி அரசு ஓர் ஆணை போட்டு வழக்கை முடித்துவிட்டது. ஊர்ப் பெயரைச் சான்றாக எடுக்கும்போது அதனால்தான் ஓர் எச்சரிக்கை வேண்டும். அரசாணையில் வந்த பெயர் அந்த அரசின் ஆசையைச் சொல்லும். சனங்கள் வாயில் புழங்கித் தேய்ந்து வந்த பெயர்தான் மண்ணின் கதையைச் சொல்லும். நான் இரண்டாவது வகையையே நம்புகிறேன்.

அந்த வகைக்கு நல்ல உதாரணம் அடுத்தே வருகிறது. ரோமானியர் சாலை போட்டதும், குடியேறியவர்கள் வாங்கவும் விற்கவும், வழக்குத் தீர்க்கவும் வழியோரத்தில் சந்தையூர்களை அமைத்தார்கள். அவற்றை ஃபோரும் என்றார்கள். அமைத்தவரின் குடும்பப் பெயரும் கூடவே ஒட்டிக்கொள்ளும். லிவியுஸ் பெயரில் ஃபோரும் லிவீ. அது தேய்ந்து தேய்ந்து ஃபோர்லி ஆகிவிட்டது. அதற்கு முன்பே வரும் ஃபோர்லிம்போபோலி என்ற சிற்றூர், ஃபோரும் போப்பிலீ. ரோமானியக் குடும்பங்கள் மண்ணோடு மண்ணாகிப் போன பிறகும், ரயில் நிலைய அறிவிப்பில் அவர்கள் பெயர் தினமும் ஒலிக்கிறது.

மூன்றாவது சந்தையூரான ஃபோரும் கொர்னேலீ அப்படித் தப்பவில்லை. இடைக்காலத் தொடக்கத்தில் இமோலா என்ற வேறொரு பெயர் வந்து அதை மூடிவிட்டது. கார்ப் பந்தயம் பார்ப்பவர்களுக்கு இமோலாவைத் தெரிந்திருக்கும். இடையில் வரும் ஃபாயென்சா, லத்தீனில் ஃபவென்ஷியா, அனுகூலம் நிறைந்த ஊர். அங்கே செய்த பளபளப்பான மண்பாண்டங்கள் ஐரோப்பா முழுக்கப் போனதால், பிரெஞ்சுக்காரர்கள் அந்த வகைப் பாண்டத்துக்கே ஃபாயான்ஸ் என்று பெயர் வைத்தார்கள்.

இமோலாவைத் தாண்டினால் சில்லாரோ என்ற ஓடை. கிழக்கே ரொமாஞ்ஞா, மேற்கே எமிலியா. வழிப்போக்கன் வீட்டு வாசலில் நின்று தாகம் என்றால், ரொமாஞ்ஞாவில் திராட்சை மது தருவார்கள், எமிலியாவில் தண்ணீர் தருவார்கள், அதை வைத்து எல்லை கண்டுபிடிக்கலாம் என்று சொல்வார்கள். ரொமாஞ்ஞா என்ற பெயருக்கும் காரணம் உண்டு. லாங்கோபார்டுகள் என்ற ஜெர்மானியக் கூட்டத்தார் வட இத்தாலியைப் பிடித்தபோது, ராவென்னாவைச் சுற்றிய பகுதி மட்டும் கிழக்கு ரோமப் பேரரசின் கையில் நின்றது. அது ரோமானியர் நாடு, ரொமானியா. லாங்கோபார்டுகள் பிடித்த பக்கம் லொம்பார்டியா ஆயிற்று.

பொலோன்யாவுக்குச் சற்று முன், சாலையை ஒட்டிய வயலில் அகழாய்வு நடந்த இடம் ஒன்று. கிளாதெர்னா என்ற ரோமானிய நகரம் அங்கே இருந்தது. பழங்காலம் முடியும் தறுவாயில் மக்கள் கைவிட்டுப் போனார்கள். கட்டடம் எதுவும் மிஞ்சவில்லை. பக்கத்தில் ஓடும் ஓடைக்கு மட்டும் இன்றும் குவாதெர்னா என்று பெயர். கிளாதெர்னா, குவாதெர்னா: இரண்டையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். ஊர் செத்தும் ஓடை பெயரைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

அடுத்து சான் லாசரோ. விவிலியக் கதையில் உடலெல்லாம் புண்ணோடு செல்வந்தன் வாசலில் கிடந்த லாசரின் பெயர். இடைக்காலத்தில் தொழுநோயாளர்களை நகர மதிலுக்கு வெளியே, ஆனால் பயணிகள் பிச்சையிடும்படி பெருவழியை ஒட்டி, தனி இல்லங்களில் வைத்தார்கள். பொலோன்யாவுக்குக் கிழக்கே ஒரு சான் லாசரோ. மோடெனாவுக்குக் கிழக்கே ஒன்று. ரெஜ்ஜோவுக்கு, பார்மாவுக்கு, பியாசென்சாவுக்கும் இதே சாலையில், இதே பக்கத்தில் ஒவ்வொன்று. இன்று அவை அடுக்குமாடிக் குடியிருப்புகள் நிறைந்த புறநகர்கள். பேருந்துப் பலகையில் அந்தப் பெயரைப் படிக்கும்போதெல்லாம், நகரத்துக்குள் வர அனுமதியில்லாத அந்த மனிதர்கள் இந்தச் சாலையைப் பார்த்துக்கொண்டே வாழ்ந்து முடித்ததை நினைக்காமல் இருக்க முடிவதில்லை.

பொலோன்யாவுக்குள் வியா எமிலியாதான் பெரிய கடைவீதி. 97 மீட்டர் உயர அசினெல்லி கோபுரத்தின் அடியில் அது நகர மையத்துக்குள் நுழைகிறது. லெபிடுஸோடு அதே ஆண்டு கான்சலாக இருந்த ஃபிளாமினியுஸ், இங்கிருந்து மலையைத் தாண்டி அரெட்சோவுக்கு ஒரு சாலை போட்டார். பின்னாளில் அந்த அரெட்சோவின் சூளைகளில் செய்த சிவப்புக் கலங்களின் ஓடுகள், புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது கிடைத்தன.

நகரின் மேற்குக் கோடியில் போர்கோ பானிகாலே. டுகாட்டி மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை இருக்கும் இடம். பானிகாலே என்ற பெயரில் அவர்கள் விற்கும் பைக் நம் ஊர் இளைஞர்களுக்குத் தெரியும். பானிக்கோ என்ற தானியம் விளைந்த நிலம் என்பது அந்தப் பெயரின் மூலம். பானிக்கோ வேறெதுவும் இல்லை, நம் தினைதான். தாவரவியல் பெயரிலும் அதற்கு இத்தாலிகா என்ற அடைமொழி இருக்கிறது. தினைக்கொல்லையின் பெயர் மணிக்கு முன்னூறு கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது.

அதற்கப்பால் காஸ்தெல்ஃபிராங்கோ, 1226-இல் பொலோன்யா நகரம் வரிவிலக்குக் கொடுத்துக் குடியேற்றிய கோட்டையூர். மோடெனாவில் ரோமானிய முத்தினா தரைக்குக் கீழே ஐந்தாறு மீட்டர் ஆழத்தில், வெள்ள வண்டலுக்கு அடியில் கிடக்கிறது. பார்மாவில் ஆறே போக்கை மாற்றிக்கொண்டதால், ரோமானியப் பாலம் நீரில்லாத இடத்தில் மாட்டிக்கொண்டது. இப்போது சுரங்க நடைபாதையில் இறங்கி அதன் வளைவுகளுக்கு அடியில் நடக்கலாம்.

ஃபிடென்சாவை ரோமானியர் ஃபிடென்ஷியா என்றார்கள், நம்பிக்கையின் ஊர். அங்கே கொல்லப்பட்ட தொன்னீனோ என்ற புனிதரின் பெயரால் நூற்றாண்டுக் கணக்கில் அது போர்கோ சான் தொன்னீனோவாக இருந்தது. 1927-இல் இங்கும் ஓர் ஆணை வந்தது. பழைய ரோமானியப் பெயரைத் திரும்ப ஒட்டினார்கள். பேராலயம் மட்டும் இன்னும் அந்தப் புனிதர் பெயரில்தான் இருக்கிறது.

எமிலியா என்ற நாட்டுப் பெயரும் இடையில் அறுந்து போய்த் திரும்பி வந்ததுதான். ரோமானியர் காலத்தில் சாலையின் பெயரே வட்டாரத்தின் பெயராயிற்று. பிறகு வழக்கொழிந்தது. இத்தாலி ஒன்றாகும் தருணத்தில், 1860-இல், அப்போது இந்தப் பகுதியை ஆண்ட ஃபரீனியின் அரசு அதைப் புத்தகத்திலிருந்து எடுத்து மறுபடி சூட்டியது. ஆனால் சாலைக்கு அந்தப் பெயர் அன்றும் இன்றும் ஒன்றே.

பியாசென்சா, பிளாசென்ஷியா, கி.மு. 218-இல் ரோமானியர் அமைத்த குடியேற்றம். மகிழ்விக்கும் ஊர் என்று பெயரிட்ட அதே ஆண்டின் கடைசியில், பக்கத்துத் திரெப்பியா ஆற்றங்கரையில் ஹானிபாலிடம் அவர்கள் படை சிதறியது. தப்பியவர்கள் இந்த ஊர் மதிலுக்குள்தான் ஓடி வந்தார்கள். லெபிடுஸின் சாலை இங்கே போ ஆற்றங்கரையில் முடிந்தது. நெடுஞ்சாலையோ பாலத்தைத் தாண்டி லொம்பார்டியாவுக்குள் போகிறது. மெலெஞ்ஞானோ, சான் ஜூலியானோ, சான் தொனாத்தோ என்று மிலான் நகரின் விளிம்புவரை வீதிப் பலகைகளில் வியா எமிலியா என்றே எழுதியிருக்கிறார்கள்.